முத்திரைத்தாளில் முறியாத கல்யாணம்

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சுங்க, நோட்டரி சீலும் வாங்கியாச்சு. இனி அவங்கவங்க வழி அவங்கவங்களுக்கு." கோவையில் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர்ப் பக்கம் ஒரு தம்பதி பிரியும்போது பெரியவர்கள் இப்படித்தான் பேசி முடிக்கிறார்கள். குடும்பச் சட்டம் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் முதலில் உதறவேண்டியது இந்த நம்பிக்கையைத்தான்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, கல்யாணத்தை முறிப்பது நீதிமன்றத்தின் தீர்ப்பாணை. கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி. அந்தப் பிரிவுப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதிந்தாலும் அது விவாகரத்து ஆகாது.

"எங்க சனத்துல அத்துவிடுற வழக்கம் இருக்குதே" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. வழக்கப்படியான மணமுறிவை அந்தச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்துவருகிறது என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசியது வழக்கம் ஆகிவிடாது.

"ஐயர் வெச்சு நடக்கல, ரெஜிஸ்டரும் பண்ணல, அதுக்கெதுக்கு கோர்ட்டு?" இதுவும் நிற்காது. கொங்கு நாட்டில் அருமைக்காரர் முன்னின்று செய்யும் சீர்களை, வழக்கச் சடங்கு என்ற முறையில் 7-ஆம் பிரிவு ஏற்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில் சேர்த்த 7-ஏ பிரிவு இருக்கிறது. பதியாததால் மட்டும் கல்யாணம் செல்லாமல் போகாது.

இனி வருவதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பத்திரத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், சீவனாம்சம் கேட்க மாட்டோம். சீவனாம்சத்துக்கான சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. விவாகரத்தான பெண், மறுமணம் செய்யாதவரை, அதன்கீழ் சீவனாம்சம் கேட்கலாம். விவாகரத்து ஆகாமல், பரஸ்பர சம்மதத்தில் தனியே வாழும் மனைவிக்கோ அதே பிரிவு தடை போடுகிறது. ஆக, எழுதிக் கொடுத்த பெண் விவாகரத்தானவளும் இல்லை, சீவனாம்சத்துக்கு உரிய மனைவியும் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட, அவள் கையெழுத்தே ஆதாரமாகிவிடுகிறது. இதைப் பேசி முடித்த பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பத்திரத்தை நம்பி மறுகல்யாணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. முதல் துணை புகார் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கும் குற்றமும் ஆகும். கணவன் இறந்தபின் அவனது மில் வேலைக்காக வரவேண்டிய குடும்ப ஓய்வூதியத்துக்கு இரண்டாமவள் போய் நின்றால், சட்டப்படி மனைவி முதலாமவளே.

"கோர்ட்டுக்குப் போனா பத்து வருசம் இழுக்கும்" என்பது சண்டை போடும் வழக்குகளுக்குப் பொருந்தலாம். இருவரும் ஒத்துப்போனால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு இருக்கிறது: ஓராண்டு பிரிந்திருந்தால் சேர்ந்து மனுப் போடலாம், ஆறு மாதம் கழித்து ஆணை கேட்கலாம். அந்த ஆறு மாதத்தையும், சமரச முயற்சி தோற்று, சீவனாம்சம், பிள்ளை விஷயம் எல்லாம் தீர்ந்திருந்தால், நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகுந்த வீடு எந்த ஊரில் இருந்தாலும், தாய்வீடு வந்து சிங்காநல்லூரில் இருக்கும் மனைவி கோவையிலேயே மனுப் போடலாம். 2003-இல் வந்த திருத்தம் அது. (இந்து திருமணச் சட்டம் பற்றிச் சொன்னதெல்லாம் இந்துக்களுக்கானது, கிறிஸ்தவர், முஸ்லிம்களின் திருமணத்துக்கு வேறு சட்டங்கள். தனித் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு அந்தச் சட்டமே.)

நகைக்கு விளக்கமே தேவையில்லை. பெண்ணுக்குப் போட்டது பெண்ணுடையது. பிள்ளையை அப்பனுக்கோ அம்மாவுக்கோ என்று பெரியவர்கள் எழுதினாலும், பிள்ளையின் நலம் எதுவென்று நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

ஏற்கெனவே பத்திரம் எழுதியவர்கள் அதைக் கிழித்துப் போட வேண்டாம். அதில் பேசி முடித்த நகை, பணம், பிள்ளை பற்றிய நியாயமான ஏற்பாடுகளைக் கூட்டு மனுவில் சேர்த்து, முறையான ஆணையாக வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்படும் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.