பத்து ரூபாய்ல ரெண்டரை ரூபாய் எங்கப்பா?

பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டா டாக்டைம் வர்றது 7 ரூபாய் 47 பைசா. கன்னிவாடியில ரீசார்ஜ் போடுற அண்ணன்கிட்ட கேட்டா, "நான் எடுக்கலப்பா"ம்பார். நிஜம்தான். ஒரு ரூபாய் கம்பெனியோட கட்டணம், 1 ரூபாய் 53 பைசா ஜி.எஸ்.டி.

1994-ல போனுக்கு சேவை வரி வந்தப்போ வெறும் 5 சதவீதம். 2003-ல 8, அடுத்த வருஷமே 10, 2006-ல 12. இப்போ 18!

அமெரிக்காவுல, லாஸ் ஏஞ்சலிஸ்ல 2008 பிப்ரவரியில போன் வரியை 10-லிருந்து 9 சதவீதமாக்கி, புதுவகை சேவைகளுக்கும் நீட்டிக்கலாமானு மக்கள்கிட்டயே ஓட்டு எடுத்தாங்க. ஜெயிச்சுது. நம்ம நாட்டுல வரிக்கு அப்படி ஓட்டெடுப்பு கிடையாது. கோர்ட்டுக்குத்தான் போகணும்.

போனாங்க. சிம் கார்டு, போன் கனெக்ஷனுக்கெல்லாம் சில மாநிலங்கள் விற்பனை வரி கேட்டப்போ, பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட் படியேறின. 2006 மார்ச்ல தீர்ப்பு: மின்காந்த அலை சரக்கு இல்ல, போன் பேசுறது சேவை, அதுக்கு மாநிலம் விற்பனை வரி போட முடியாது. (ஃபீல்ட்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிற ஈ.சி.ஈ. மக்களே, நீதிபதிகளே படிச்சிட்டாங்க!)

அப்புறம் 2016-ல அரசியல் சட்டத்தையே திருத்தினாங்க. 2017 ஜூலை 1-ல ஜி.எஸ்.டி. வந்துச்சு. 18-ல 9 மத்திய அரசுக்கு, 9 மாநிலத்துக்கு. கோர்ட் வெளியே அனுப்பின மாநில வரி, மாலை மரியாதையோட உள்ளே வந்தாச்சு. இதுக்கும் ஓட்டு உண்டு, ஆனா ஜி.எஸ்.டி. கவுன்சில்ல. மத்திய அரசுக்கு மூணுல ஒரு பங்கு, மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து ரெண்டு பங்கு. முக்கால்வாசி ஓட்டு கிடைச்சாதான் எதுவும் நகரும். 2025 செப்டம்பர்ல எத்தனையோ பொருளுக்கு வரி குறைஞ்சுது. ரீசார்ஜ் அதே 18-லயே நிக்குது.

எரிச்சலான விஷயம் இனிமேதான். ஜி.எஸ்.டி. பதிவு பண்ணின கம்பெனி, தொழிலுக்குக் கட்டுற போன் பில் வரியைத் தான் கட்டவேண்டிய வரியில கழிச்சுக்கலாம். ஹாஸ்டல்ல இருக்கிற நமக்கும், தோட்ட வேலைக்குப் போற அம்மாவுக்கும் அந்தக் கழிவு கிடையாது. பேங்க் ஓ.டி.பி. வரணும்னா அம்மா போன்லயும் வேலிடிட்டி இருந்தாகணும்.

வரியே வேணாம்னு சொல்லல, மச்சி. ஸ்காலர்ஷிப் பணமும் வரியிலேர்ந்துதானே வருது! சின்ன ரீசார்ஜையாவது 5 சதவீதத்துக்குக் கொண்டுவாங்கனுதான் கேட்கிறேன். நம்ம மாநில நிதியமைச்சரும் கவுன்சில்ல உறுப்பினர்தான். அவர் அங்கே பேசலாம். அது நடந்தா பத்து ரூபாய்க்கு 8 ரூபாய் 52 பைசா வரும்.