'முன்விரோதம்' ஒரு விளக்கமாகுமா? மேலவளவை முன்வைத்துச் சில கேள்விகள்

திருவாதவூரை மாணிக்கவாசகர் பிறந்த ஊராகவே தமிழுலகம் அறியும். நரிகள் பரிகளாகி, இரவில் மீண்டும் நரிகளான திருவிளையாடல் அவர் பெயரோடு பிணைந்தது. அவ்வூர் இருக்கும் அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று அதன் ஊராட்சித் தலைவர் முருகேசனும் துணைத்தலைவர் மூக்கனும் உடன் வந்த தோழர்களும் பேருந்தை மறித்துப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

சாதியக் கொலை நிகழும் ஒவ்வொரு முறையும் 'முன்விரோதம்' என்னும் ஒற்றைச் சொல் செய்திக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது. ஊரறிந்த நரி, கோப்புக்குள் பரியாகிவிடுகிறது. நிகழ்வை எப்படி விளக்குகிறோம் என்பது வகுப்பறைக்குள் முடிந்துவிடும் விவாதம் அன்று. நீதி கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அதைச் சார்ந்தே உள்ளன.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(5) பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் 'என்ற காரணத்தால்' குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்றது. கொலைகாரனின் மனத்துக்குள் சாதி இருந்ததை எவ்வாறு மெய்ப்பிப்பது? நிலத்தகராறு, தேர்தல் பகை என வேறொரு காரணத்தைக் காட்டினாலே சாதி விலகிவிடும் நிலை இருந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவரின் சாதியை 'அறிந்தே' செய்திருந்தால் போதும் என மாற்றியது. பழைய வாசகத்துக்கும்கூடச் சாதி மட்டுமே காரணமாக இருக்கத் தேவையில்லை என 2021இல் பட்டன் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு நிகழ்வுக்குப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கலாம் என்ற சமூக அறிவியலின் அடிப்படைப் பாடம் சட்டத்துக்குள் நுழைய இத்தனை ஆண்டுகள் ஆயின.

'ஏன்' என்னும் கேள்வி தனித்து நிற்பதில்லை. எதனோடு ஒப்பிட்டுக் கேட்கிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. 'ஏன் இந்த மனிதர்கள் கொன்றனர்?' என்றால் பகை விடையாகும். 'ஏன் 1997இல், அதற்கு முன்பு இல்லை?' என்றால் விடை வேறு. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தையும் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் தொடர்ந்து, 1996இல் மேலவளவு தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன, காவல்துறைப் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். அந்தப் 'பகை' பதவியிலிருந்து பிறந்தது. பதவி பகையானது சாதியால்.

ஒப்பீட்டை இன்னும் விரிப்போம். அதே மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தலைவர் பதவி முறையாக நிரப்பப்படவில்லை. யாரும் போட்டியிட முன்வராமலோ, வென்றவர் உடனே விலகியோ, நாற்காலி காலியாகவே வைக்கப்பட்டது. முருகேசன் பதவி விலகவில்லை. மிரட்டல் பலித்த இடத்தில் கொலை தேவைப்படவில்லை. பலிக்காத இடத்தில் தேவைப்பட்டது. ஆகவே கொலைகளை மட்டும் எண்ணிச் சாதியக் கொடுமையை அளப்பவர், அது மிக வலுவாக இருக்கும் ஊர்களையே 'அமைதியான ஊர்கள்' எனக் குறித்துக்கொள்வார்.

மறுமுனையிலும் ஒரு பிழை உண்டு. பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் மதுரை வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்தவர். 1966இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில், தூய்மை, தீட்டு என்னும் மதிப்பீடுகளின் படிநிலையாகச் சாதியை அவர் விளக்கினார். அனைவரும் ஒப்புக்கொண்ட மதிப்பீடு என்றால், வாக்குப்பெட்டியைப் பறிக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? செங்கல்பட்டு, கேரளப் பகுதிகளில் ஆய்வு செய்த ஜோன் மென்ச்சர் 1974இல், அடித்தளத்திலிருந்து பார்த்தால் சாதி சுரண்டல் ஏற்பாடாகவே தெரிகிறது என வாதிட்டார். யாரிடம் கேட்டோம் என்பதும் விளக்கத்தின் ஒரு பகுதியே.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்த இளம் அம்பேத்கர் வழி காட்டியிருந்தார். மனு என்னும் தனியொருவர் சாதியைப் படைத்திருக்க முடியாது என அவர் மறுத்தார். அகமணம் எவ்வாறு காக்கப்படுகிறது, அதற்காக விதவைக் கோலமும் குழந்தை மணமும் எவ்வாறு பயன்படுகின்றன, ஒரு குழுவின் கதவடைப்பு மற்றக் குழுக்களுக்கு எவ்வாறு பரவுகிறது எனப் படிப்படியாக இயக்கத்தைத் திறந்து காட்டினார். 'தீயவர் செய்தார்' என்பதும் 'பண்பாடு அப்படி' என்பதும் நிறுத்திவிடும் இடத்திலிருந்து அவர் ஆய்வு தொடங்குகிறது.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். 'எல்லாம் சாதியால்' என எழுதி முடிப்பதும் முழு விளக்கம் ஆகாது. ஒதுக்கீடு வந்த ஊர்கள் பல. கொலை நடந்தது எல்லா ஊரிலும் அன்று. கண்மாய் மீன் ஏலம் யார் கையில், கூலி வேலை தருபவர் யார், புகார் கொடுத்தபின் பாதுகாப்பு நீடித்ததா, ஊரில் பேசத் தயங்கியவர் யார் எனக் கேட்காத உண்மை அறியும் குழு, தான் முன்பே அறிந்ததையே அறிந்து திரும்பும். தன் விளக்கத்தைப் பொய்யாக்கக்கூடிய சான்றையும் தேடும் அறிக்கையே குறுக்கு விசாரணையில் நிற்கும்.

மேலவளவு வழக்கில் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில் அவர்களுள் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். தனிமனிதர்களின் பகைதான் காரணம் என்றால், தண்டனைக் காலமும் நன்னடத்தையும் கணக்கைத் தீர்த்துவிடும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவரை நாற்காலியில் அமரவிடாத ஏற்பாடுதான் காரணம் என்றால், அந்த ஏற்பாடு கலைந்துவிட்டதா என்பதற்கு அரசு விடை சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஜூன் 30லும் மேலவளவில் கூடும் நாம் அந்த விடையைத்தான் கேட்டு நிற்கிறோம்.