உயிர்ப்பித்தல் என்னும் பாவனை

அமெரிக்காவில் மாஜி ஜனாதிபதிகளாகவும் அவர்கள் மனைவியராகவும் வேஷம் கட்டி, சரித்திரத்தை உயிர்ப்பிப்பதாகச் சொல்கிறார்கள். வேஷத்தில் எனக்கு ஆட்சேபணையில்லை; உயிர் என்ற சொல்லில்தான்.

மார்த்தா வாஷிங்டனின் கவுனை மடிப்புப் பிசகாமல் தைத்துவிடலாம். மார்த்தாவுக்கு ஊசிவேலை செய்த அடிமைப் பெண் ஓனா ஜட்ஜ், 1796இல் எஜமானர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிலடெல்பியா மாளிகையை விட்டு ஓடிப்போனாள். நன்றி கெட்டவள் என்று ஜார்ஜ் வாஷிங்டன் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். ஆள் விட்டு மீட்கப் பார்த்தார். 1848இல் சாகும்வரை அவள் திரும்பவில்லை.

மார்த்தா வேஷம் போட்டவரிடம் நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: 'ஓனா எங்கே?' புன்னகைத்து நழுவினால் அது துணிக்கடைப் பொம்மை. 'வீட்டுச் சொத்து, பறிபோயிற்று' என்று கூச்சமின்றிச் சீறினால் பார்ப்பவன் முதுகு சில்லிடும். அதுதான் உயிர். அங்கே கைதட்டத் தோன்றாது.