மேகத்துக்குத் தாலாட்டு

2019 ஏப்ரல் கடைசியில் அறநிலையத் துறை தன் கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மழைக்காக யாகம் செய்யுங்கள். நாதஸ்வரம், வயலின், வீணையில் அமிர்தவர்ஷிணி மாதிரி ராகங்களை வாசியுங்கள். மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் சம்பந்தரின் மழைப் பதிகம் பாடுங்கள். (நந்தியின் கழுத்துவரை தண்ணீர் நிரப்பவும் சொன்னார்கள். அந்தத் தண்ணீருக்கு எங்கே போவதாம்?) அந்த ஜூலையில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது ஜோலார்பேட்டையிலிருந்து, ரயிலில்.

எட்டயபுரம் போன முத்துசுவாமி தீட்சிதர், காய்ந்த கரிசலைப் பார்த்து மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷிணி பாட, மழை கொட்டியது என்பார்கள். அழகான கதை. மனுஷர் மண்ணைப் பார்த்தார் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் பி.காம். படித்தவனின் கணக்குப் புத்தி சும்மா இருக்குமா? ராகம் பலித்திருந்தால் எட்டயபுரம் இந்நேரம் தஞ்சாவூர் ஆகியிருக்க வேண்டாமா? இன்றைக்கும் அது வானம் பார்த்த பூமிதான்.

தான்சேன் தீபக் ராகம் பாடி விளக்கேற்றினார் என்றும் ஒரு கதை உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரர் யாராவது அதை நம்பி, எரிபொருள் வாங்காமல் இருந்தாரா? நெருப்பு விஷயத்தில் தெளிவாக இருக்கிற நமக்கு, மழை என்றால் மட்டும் ராகம் போதும். வியாதி என்றாலும் அப்படித்தான். ரத்தக் கொதிப்புக்கு இது, சர்க்கரைக்கு அது என்று பட்டியல் போட்டு விற்கிறார்கள். பாட்டு கேட்டால் பதற்றம் குறையும், மறுக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டவர்களிடம் ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வியாதிக்கொரு ராகம் என்பதற்கு அப்படி ஆதாரம் கிடையாது. இன்னொரு வேடிக்கை. அந்த மேகராகக்குறிஞ்சிதான் இன்றைய நீலாம்பரி. தாலாட்டு ராகம். கூப்பிட்ட மேகம் குறட்டை விட்டால் யார் பொறுப்பு?

இயற்கையிலிருந்து வந்தது நம் இசை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். சரிதான். தொல்காப்பியத்தில் நிலம் முதற்பொருள், யாழ் கருப்பொருள். நிலம் இருந்தால்தான் யாழ். விருத்தாசலம் அன்றைக்குத் திருமுதுகுன்றம். அங்கே பாடிய சம்பந்தர் மணிமுத்தாற்றையும் சேர்த்தே பாடினார். ஆறு ஓடியது, பாட்டில் வந்தது. பாட்டுப் பாடி ஆறு வரவில்லை. இன்று கோடையில் அதே ஆற்றை மணலில் நடந்தே தாண்டலாம்.

அடுத்த வறட்சிக்கு நாதஸ்வரக்காரரை விட்டுவிடுங்கள். அவர் சாயங்கால பூஜைக்குக் கல்யாணி வாசிக்கட்டும், உட்கார்ந்து கேட்போம். சுற்றறிக்கை நீர்வளத் துறைக்குப் போகட்டும்.