சவுலின் கவசமும் யோனத்தானின் சால்வையும்



இந்த வாரச் சிந்தனை வழக்கத்துக்குச் சற்று மாறான ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேட்டவரின் அனுமதியோடு, அவர் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் கலைந்த பின்னும் ஒரு தம்பி வாசலருகே நின்றுகொண்டிருந்தார். கல்லூரியில் முதலாண்டு படிப்பவர். மாலையில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறார். "ஐயா, ஒரு சந்தேகம். கேட்டால் கோபப்படக் கூடாது" என்று ஆரம்பித்தார். விழிதியூரில் அவரோடு சேர்ந்து வளர்ந்த நண்பன், சென்ற ஆண்டு பெற்றோருடன் பிரான்சுக்குப் போய்விட்டான். அடுத்த மாதம் அவனுக்குப் பதினேழாவது பிறந்தநாள். தம்பி தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவனுக்கு ஒரு கணினி விளையாட்டு வாங்கித் தர விரும்புகிறார். மனதில் இரண்டு இருக்கின்றன: ஒன்று மைன்கிராஃப்ட், மற்றொன்று ஜி.டி.ஏ. 5. "இதில் எது பாவம், எது பாவமில்லை என்று சொல்லுங்கள் ஐயா. பாவமில்லாததை வாங்கிவிடுகிறேன்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் இதே பிரசங்க பீடத்தில் நின்று, கைப்பேசியில் ஆடுகிற ஆட்டங்கள் யாவும் பிசாசின் கண்ணி என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னவன் நான். அந்த நாளில் ஒரு விளையாட்டைக்கூட நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. அன்று என் பிரசங்கத்தைக் கேட்டவர்களில் ஒரு வாலிபர், பின்னாளில் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டச் செயலி ஒன்றில் தம் ஒரு பருவத்துக் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் இழந்தார். வீட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் வரவில்லை. எல்லாம் வெளியே வந்தபின், "என்னிடம் ஏன் தம்பி முன்னமே சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் உள்ளத்தில் முள்ளாக இருக்கிறது. "எல்லா ஆட்டமும் ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னீர்கள் ஐயா. அதனால் கால்பந்து ஆட்டத்திலிருந்து சீட்டாட்டத்துக்குப் போனபோது நான் எந்த வாசலையும் தாண்டியதாக எனக்குத் தோன்றவில்லை."

பிரியமானவர்களே, அறியாமல் கண்டிக்கிற மேய்ப்பன் ஆடுகளுக்கு வேலி போடுவதில்லை. இருக்கிற வேலியையும் பிடுங்கிவிடுகிறான். எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பகுத்துக் காட்டாத கண்டனத்தால் ஒருவருக்கும் பயனில்லை. சட்டமே இன்று இதைப் பகுத்துப் பார்க்கிறது. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. நம் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் அந்தச் சட்டம் இங்கே செல்லவில்லை; நாகூருக்குப் போனால் ஒரு சட்டம், நம் ஊருக்குத் திரும்பினால் வேறு என்ற நிலை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நாடு முழுவதற்கும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. பணயம் இல்லாத விளையாட்டுகளை வேறாக வைத்துப் பேசுகிறது. பாராளுமன்றத்துக்குத் தெரிந்த வேறுபாடு போதகருக்குத் தெரியாமல் இருக்கலாமா?

ஆகவே அந்தத் தம்பியிடம், "எனக்கு மூன்று நாள் தாருங்கள்" என்று சொல்லி, அந்த இரண்டைக் குறித்தும் வாசித்தேன்; சபை வாலிபர் இருவரை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

மைன்கிராஃப்ட் சுவீடனில் பிறந்தது. மார்க்குஸ் பெர்சோன் என்பவர் 2009-இல் தொடங்கி, 2011 நவம்பரில் முழுமையாக வெளியானது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 250 கோடி டாலருக்கு அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. விளையாட்டோ மிக எளியது. உலகமே சதுரக் கட்டிகளால் ஆனது. மரத்தை வெட்டலாம், மண்ணைத் தோண்டலாம், வீடு கட்டலாம், வயல் போடலாம். இரவில் சில பொல்லாத ஜந்துக்கள் வரும். விடிவதற்குள் ஒரு கூரை தேடிக்கொள்ள வேண்டும்.

ஜி.டி.ஏ. 5 என்பதை 2013 செப்டம்பரில் ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்டது. அதுவும் 20 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸைப் போல உருவாக்கப்பட்ட ஒரு கற்பனை நகரத்தில் மூன்று குற்றவாளிகளின் கதை அது. கொள்ளையும் கொலையும் ஆபாசமும் அதில் உண்டு. ஆனால் அதைச் செய்தவர்களின் கைத்திறனையும் நான் மறுக்க மாட்டேன்; அந்த நகரத்தின் தெருக்களையும் மாலை வெளிச்சத்தையும் பார்த்து நானும் சற்று நேரம் வியந்து உட்கார்ந்திருந்தேன். பணத்தாசை பிடித்த உலகத்தை அது பல இடங்களில் பரிகாசம் செய்கிறது என்று வாலிபர்கள் சொன்னார்கள். அதுவும் உண்மையே. எனினும் ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் 'பெகி' அமைப்பு அதற்கு 18 என்று முத்திரை இட்டிருக்கிறது. மைன்கிராஃப்டுக்கு 7. நண்பனுக்கு வயது பதினேழு. அவன் வாழ்வதும் ஐரோப்பாவில். பெற்றோர் இருக்கும் வீட்டுக்குள், அவர்கள் அறியாமல், வயது வரம்பைத் தாண்டிய ஒன்றைப் பரிசு என்ற பெயரில் அனுப்புவது நட்புக்கு அழகில்லை. இந்த ஒரு காரணமே போதும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இத்தோடு நிறுத்தினால், "பாவமில்லாததை வாங்கிவிடுகிறேன்" என்ற இடத்திலேயே அந்தத் தம்பியை விட்டுவிட்டவன் ஆவேன். பரிசு என்பது பாவத்தைத் தவிர்ப்பதற்காகக் கொடுக்கப்படுவது இல்லையே!

சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் தாவீதுக்கு இரண்டு பேர் தங்களுடையதை எடுத்துக் கொடுக்கிறார்கள். முதலில் கொடுப்பவர் சவுல். கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட இளைஞனுக்குத் தம் வெண்கலச் சீராவையும் கவசத்தையும் பட்டயத்தையும் அணிவிக்கிறார். நல்ல எண்ணம்தான், விலையுயர்ந்த பொருள்தான். ஆனால் தாவீதால் அதை அணிந்து நடக்க முடியவில்லை. பழக்கமில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறான். சவுல் செய்த தவறு என்ன? தமக்கு எது பெரிதோ அதுவே அவனுக்கும் பெரிதென்று எண்ணினார். அவன் கையில் கவண் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த அதிகாரத்தில் யோனத்தான் கொடுக்கிறான். தான் போர்த்திருந்த சால்வையையும், வஸ்திரத்தையும், பட்டயத்தையும், வில்லையும், கச்சையையும் கழற்றிக் கொடுக்கிறான். அவற்றிலும் ஆயுதங்கள் இருந்தன. ஆனால் வேதம் முதலில் சொல்வது, யோனத்தான் தாவீதை உயிரைப்போல நேசித்தான் என்பதையும், அவர்கள் உடன்படிக்கை செய்தார்கள் என்பதையும்தான். பொருள் அதற்குப் பின்னே வருகிறது. அந்தச் சால்வையில் யோனத்தான் இருந்தான்.

தம்பி மறுபடியும் வந்தபோது நான் கேட்டது இதுதான்: "இந்த இரண்டில் உமக்கு மிகவும் பிடித்தது எது?" சற்றே வெட்கத்தோடு, "ஜி.டி.ஏ. தான் ஐயா. கடை முதலாளியின் மகன் வீட்டில் ஆடியிருக்கிறேன்" என்றார். "உம் நண்பனுக்கு?" அவர் யோசித்தார். "தெரியவில்லை ஐயா. போன பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இன்னும் பாஷை சரியாக வரவில்லை. யாரும் பழக்கமில்லை என்று அவன் அம்மா எங்கள் அம்மாவிடம் சொன்னார்களாம்."

இதைக் கேட்டதும் எங்கள் இருவருக்கும் பதில் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

காரைக்கால் மக்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. 1954 நவம்பர் முதல் நாள் நம் ஊர் இந்தியாவோடு இணைந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி நிறைவுற்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பல. அந்நாள் தொட்டு இங்கிருந்து பிள்ளைகள் கடல் தாண்டிப் போகிறார்கள். போகிறவர்களைக் குறித்துப் பெருமையாகப் பேசுகிறோம். அவர்கள் அங்கே வகுப்பறையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பதை நாம் காண்பதில்லை.

அப்படித் தனித்திருக்கிற பிள்ளைக்கு எந்த விளையாட்டு ஏற்றது? தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து இன்னும் தனிமையில் மூழ்கச் செய்வதா, விழிதியூரிலிருக்கிற நண்பனை அந்த அறைக்குள் அழைத்து வருவதா? தம்பியிடம் கணினி கிடையாது. கைப்பேசி மட்டுமே உண்டு. ஜி.டி.ஏ. 5 கைப்பேசிக்கு வெளியாகவில்லை. ஆகையால் அதைக் கொடுத்தால், கொடுத்தவர் வெளியே நிற்பார். மைன்கிராஃப்டில் 'பெட்ராக்' என்ற பதிப்பு கைப்பேசியிலும் விண்டோஸ் கணினியிலும் இயங்கும். இருவரும் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடலாம். கணினிக்கு வாங்குகிறவர்களுக்கு 'ஜாவா' பதிப்பும் 'பெட்ராக்' பதிப்பும் ஒன்றாகவே கிடைக்கின்றன. இருவரும் பெட்ராக்கில் நுழைய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வேறு நாட்டுக்கு அனுப்பும் பரிசுக் குறியீடு அந்த நாட்டுக் கணக்கில் செல்லுமா என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு காரியம். இலவசம் என்று சொல்லி உள்ளே அழைத்து, பிறகு உடைக்கும் ஆயுதத்துக்கும் ஓயாமல் பணம் கேட்கிற விளையாட்டுகள் உண்டு. அவற்றுக்கான 'டைமண்ட்' வாங்கித் தருவதையும் இன்று பரிசு என்கிறார்கள். பெறுகிறவனை மேலும் செலவு செய்யத் தூண்டுகிற பரிசு, பரிசாகாது. மைன்கிராஃப்டிலும் ஒரு கடை உண்டு. ஆனால் ஒருமுறை வாங்கியவர் அந்தக் கடைப்பக்கம் போகாமலே ஆண்டுக்கணக்கில் ஆடலாம்.

இதை எழுதும்போதே சிலருடைய ஆட்சேபணை என் காதில் விழுகிறது. "போதகரே, ஒரு வேதாகமத்தையோ நல்ல புத்தகத்தையோ அனுப்பச் சொல்லியிருக்கக் கூடாதா?" அனுப்பலாம், நானும் அனுப்புகிறேன். ஆனால் நண்பன் கேளாத ஒன்றைப் பரிசுக் காகிதத்தில் சுற்றி, உள்ளே ஒரு பிரசங்கத்தை ஒளித்து வைப்பது சவுலின் கவசத்தைப் போன்றதே. கொடுப்பவருக்கு மனநிறைவு, பெறுபவருக்குப் பாரம். வேறு சிலர், "விளையாட்டில் என்ன பொருள் இருக்கப்போகிறது?" என்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். 'வெண்பா' என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டு 2023-இல் கனடாவிலிருந்து வெளிவந்திருப்பதை இந்த வாரம்தான் அறிந்தேன். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், எழுத்து அழிந்துபோன தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் சமைக்கிறாள். மகனோ மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகுகிறான். 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. புலம்பெயர்ந்த தாயின் கண்ணீரை ஒரு விளையாட்டு சுமக்கும் என்று என் பழைய பிரசங்கத்துக்குத் தெரியாது.

மைன்கிராஃப்டும் நேரத்தை விழுங்கும் என்பதை நான் மறைக்கவில்லை. முடிவில்லாத விளையாட்டு அது. ஆகவே முடிவை ஆடுகிறவர்தான் வைக்க வேண்டும். தம்பி ஒரு நல்ல யோசனை சொன்னார். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம். நமக்கு ஏழு மணி என்றால் பிரான்சில் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அந்த நேரத்துக்கு மட்டும் இருவரும் வருவார்கள். "முதலில் எங்கள் தெருவைக் கட்டப் போகிறோம் ஐயா" என்றார்.

யோனத்தானும் தாவீதும் கடைசியாகச் சந்திக்கும் இடங்களில் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். தாவீது வயல்வெளியில் ஒளிந்திருக்கிறான். யோனத்தான் குறி பார்த்து எய்கிறவனைப்போல் வந்து அம்புகளை எய்கிறான். ஒரு சிறுவன் ஓடி ஓடி அவற்றைப் பொறுக்குகிறான். சிறுவனுக்கு அது வெறும் அம்பெய்தல். ஒளிந்திருந்த நண்பனுக்கோ உயிர் காக்கும் செய்தி. வேதம் சொல்கிறபடி, காரியம் அந்த இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

நீங்களும் இந்த வாரம் யாருக்காவது ஒரு பரிசு வாங்கப் போகிறீர்களானால், கடைக்குப் போகுமுன் அந்த நபரோடு ஒருமுறை பேசுங்கள். அவர் கையில் இருப்பது கவணா பட்டயமா என்று பாருங்கள். பிறகு, கொடுக்கிற பொருளில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பிள்ளைகள் விளையாட்டைக் குறித்து ஒரு கேள்வியோடு வந்தால், தீர்ப்புச் சொல்லுமுன் அவர்கள் அருகில் சற்று நேரம் உட்காருங்கள். நான் உட்காராமல் போனதற்கு ஒரு வாலிபர் விலை கொடுத்தார்.

அந்நிய தேசத்தில் தனித்திருக்கிற நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு யோனத்தானைத் தேவன் அருளுவாராக. ஆமென்.