தாய்வீட்டிலிருந்தே வழக்குப் போடலாம்!

போடிநாயக்கனூர்ப் பெண்கள் பலர் ஜீப்பில் மலையேறி, கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் கணவனோடு அங்கேயே தங்குகிறார்கள்.

குளிர் வாட்டும் அந்த மலையில், ஆஸ்துமா உள்ள மனைவியின் மருந்தைக் கணவன் ஒளித்து வைத்தால்? மாமியார் தூக்கி எறிந்தால்?

அடித்தால்தான் வழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மனைவியின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து வரும்படி வேண்டுமென்றே நடப்பதும் கொடுமைதான் என்று 1983-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-வது பிரிவுகள். 3 ஆண்டு வரை சிறை.

கொடுமை நடந்தது கேரளத்தில். அவள் ஓடி வந்திருப்பதோ போடியில் உள்ள தாய்வீட்டுக்கு. புகார் எங்கே கொடுப்பது?

போடியிலேயே கொடுக்கலாம். தாய்வீட்டில் தஞ்சம் புகுந்தவள் அங்கேயே வழக்குத் தொடரலாம் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. மறுபடி மலையேறி அலைய வேண்டியதில்லை!

2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் அப்படியே. தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பும் மருத்துவச் செலவும் கேட்டு மனுப் போடலாம். அவர் போடும் உத்தரவு கேரளத்திலும் செல்லும். பாதுகாப்பு உத்தரவைக் கணவன் மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு.

கணவனுக்கு இந்தச் சட்டங்கள் உதவா. ஆனால் கெடுதல் செய்யும் எண்ணத்தோடு அவன் சோற்றில் நஞ்சு கலந்து கொடுத்தால், கொடுத்தவர் மனைவியே ஆனாலும் 123-வது பிரிவு பாயும். 10 ஆண்டு வரை சிறை.

பெண்களுக்கு வக்கீல் இலவசம். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.