‘இதோட போதும்’னு ஸ்டேட்டஸ் வந்தா, லைக் போடாதீங்க... போன் போடுங்க!

மரக்காணம் உப்பளங்களில் மழை இறங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். பாத்தியில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். குவித்து வைத்த உப்பை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இதே நிலைதான். இந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அரிசி, மளிகைக்கே இழுத்துப் பிடிக்கும் தொகை. குழுக்கடன் தவணையோ மழைக்காகக் காத்திருப்பதில்லை.

வேலை இல்லாத அந்த நாள்களில் கையில் இருப்பது போன் ஒன்றுதான். ராத்திரி 12 மணிக்கு ஒரு ஸ்டேட்டஸ் வருகிறது. கறுப்புப் பின்னணி, சோகப் பாட்டு, ‘இதோட போதும்’ என்று ஒரு வரி. நாற்பது பேர் பார்க்கிறார்கள். இரண்டு பேர் அழும் எமோஜி போடுகிறார்கள். மீதிப் பேர் ‘சீன் போடுறான்’ என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. தமிழகத்தில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலித் தொழிலாளர்கள். மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியில் இந்த விகிதம் தேசிய சராசரியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

‘சொல்றவன் செய்யமாட்டான்’ என்பது நம் ஊரில் எல்லோரும் நம்புகிற ஒரு பொய். இறந்தவர்களில் பலர் அதற்கு முன்பு யாரிடமாவது ஏதோ ஒரு வகையில் சொல்லியிருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பு திண்ணையில் சொன்னதை இப்போது ஸ்டேட்டஸில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை மெஷின் பார்த்துக்கொள்ளாதா? ஓரளவுக்குப் பார்க்கிறது. ஃபேஸ்புக் 2017-லிருந்து இப்படிப்பட்ட பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவு மூலம் அடையாளம் காண்கிறது. உத்தரப்பிரதேச காவல்துறைக்கும் மெட்டா நிறுவனத்துக்கும் 2022-லிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அப்படி ஒரு பதிவு வந்தால் லக்னோவுக்குத் தகவல் போகும். அங்கிருந்து உள்ளூர் போலீஸ் வீட்டுக்கே போய் நிற்கும். ஆனால், வாட்ஸ்அப் கதை வேறு. அது என்க்ரிப்ஷன் செய்யப்பட்டது. அந்த ஸ்டேட்டஸை எந்த மெஷினும் படிக்காது. படிப்பது மாமாவும் மச்சானும் பத்தாவது பேட்ச் குரூப்பும்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தெரிந்தவர்களிடம் சொன்னால் திட்டுவார்கள் என்று, முகம் தெரியாதவர்கள் கூடும் குரூப்களில் போய்ப் பேசுகிறவர்கள் உண்டு. அங்கே யாரும் திட்டுவதில்லை என்பது உண்மை. அந்த ஆறுதலைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால், எல்லோருமே அதே இருட்டில் நிற்கிறார்கள். ஒருவர் திட்டத்தை இன்னொருவர் தட்டிக்கேட்பதில்லை, சில நேரம் தூண்டியும் விடுகிறார்கள். வீட்டுக் கதவைத் தட்ட யாருக்கும் முகவரி தெரியாது. பிரிட்டனில் 14 வயது மோலி ரஸல் 2017-ல் இறந்தார். அவர் பார்த்த இணையப் பதிவுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார்.

சரி, ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டோம், என்ன செய்வது? மெசேஜ் வேண்டாம், போன் போடுங்கள். எடுக்கவில்லையா, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புங்கள். நேரடியாகவே கேட்கலாம்: “செத்துடலாம்னு தோணுதாண்ணே?” கேட்டால் எண்ணம் கிளம்பிவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பலருக்கு அது பெரிய நிம்மதி. “புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதை நினைத்து நினைத்துத்தான் அவர் இந்த இடத்துக்கே வந்திருப்பார். சொல்லவிட்டுக் கேளுங்கள். தனியாக விடாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் பரப்புவது உதவி இல்லை. அது இன்னொரு அவமானம்.

கேட்பதன் அருமை தெரிந்தவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986-ல் சென்னையில் அவர் தொடங்கிய ‘சினேகா’வில் தன்னார்வலர்கள் இன்றுவரை செய்வது அதைத்தான் (044-24640050). அரசின் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது 112.

‘போலீஸ் கேஸாகிடும்’ என்று பல குடும்பங்கள் மூடி மறைக்கின்றன. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்கச் சொல்கிறது. தண்டிக்க அல்ல, சிகிச்சையும் மறுவாழ்வும் தர. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-வது பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காக அப்படி முயல்வது மட்டுமே அதில் குற்றம்.

மறுநாள் காலையில் அவர் சிரித்துப் பேசலாம். அதோடு விட்டுவிடக் கூடாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போய் பஸ் மாற வேண்டும். ஓ.பி சீட்டு வாங்க, வரிசையில் நிற்க, திரும்ப வர ஒரு நாள் ஆகிவிடும். மழைக்காலத்தில் உப்பளத்தில்தான் வேலை இல்லையே, கூடவே போய் வாருங்கள்.